பத்தொன்பதால் வகுத்த கணக்கு

சத்யப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்று காலை அம்மா அமிர்தம் தட்டில் இட்லியை வைத்துவிட்டுச் சட்னி எடுக்கத் திரும்புவதற்குள் இரண்டு காதும் சுட ஆரம்பித்துவிட்டன. கையில் போன். போனில் சிதம்பரம் வெள்ளாறு பல்கலைக்கழகம் வெளியிட்ட தரவரிசைப் பட்டியல். எம்.எஸ்சி. புள்ளியியல். முதல் பத்துப் பெயர்கள் பச்சையில் இருந்தன. அவள் பெயர் பதினேழாவது வரியில் கறுப்பில் கிடந்தது. பக்கத்தில் சி.ஜி.பி.ஏ. 7.77.

"இது எவன் போட்ட மார்க்கு?" என்றாள்.

"இன்னாடி ஆச்சு?"

"என்னுது எட்டு புள்ளி ரெண்டும்மா. இவனுங்க ஏழு புள்ளி ஏழு ஏழுன்னு போட்டு வச்சிருக்கானுங்க."

அமிர்தத்துக்குப் புள்ளிக்கு முன்னால் வருவதும் ஒன்றுதான், பின்னால் வருவதும் ஒன்றுதான். ஆனால் மகள் இட்லியைத் தொடவில்லை என்பது தெரிந்தது. "பத்துக்குள்ள வரலியா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பத்தில்தான் எல்லாம் இருந்தது. படிப்புக்கு மொத்தம் முப்பது இடம். அதில் பத்து இடத்துக்குக் கட்டணம் கிடையாது, விடுதியும் இலவசம். சிபாரிசு, நேர்காணல் எதுவும் இல்லை, பட்டப்படிப்பின் சராசரி ஒன்றுதான் கணக்கு. மீதி இருபது இடத்துக்கு அவர்கள் கேட்பதை, கடலூர் முதுநகரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற அவள் அப்பா சடையப்பன், ஊரிலுள்ள மோட்டாரெல்லாம் ஒரே நாளில் புகைந்துபோனாலும் கட்ட முடியாது. பத்துக்குள் வந்தால் சத்யா படிப்பாள். வராவிட்டால் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டியூஷன் சென்டரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லித் தருவாள். அந்த வேலையில் குறையொன்றும் இல்லை. அவளுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

கணிதம் படித்தவள். கத்துவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சிலர் சி.ஜி.பி.ஏ.வை ஒன்பதரையால் பெருக்கிச் சதவீதம் ஆக்குவார்கள். சிலர் அதில் முக்காலைக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்குவார்கள். தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்ப்பவர்கள் உண்டு, தள்ளுபவர்கள் உண்டு. மூன்று வருஷம் ஒரு பெண் உட்கார்ந்து படித்ததை இவர்கள் இஷ்டத்துக்கு நீட்டுவார்கள், இஷ்டத்துக்குக் குறுக்குவார்கள். ஒன்பதரை போட்டால் 77.9 வந்தது. முக்காலைக் கழித்தால் 74.5. இரண்டும் ஒத்துவரவில்லை. வெள்ளாறு கையேட்டில் இருந்ததோ இந்தச் சுற்றெல்லாம் இல்லாத நேர்க்கணக்கு: முதன்மைப் பாடத்தில் பதினெட்டுத் தாள், எல்லாவற்றுக்கும் ஒரே கிரெடிட். கூட்டு, பதினெட்டால் வகு, பத்துக்கு மாற்று. அவள் வாங்கியது 1476. வகுத்தால் எண்பத்திரண்டு, அதாவது 8.20. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு.

பட்டியலில் மேலே போனாள். ஒன்பதாவது வரியில், பச்சையில், ஜெயப்பிரகாஷ், 8.02. அவள் வகுப்புதான். மூன்று வருஷமும் அவள் நோட்டை வாங்கி ஜெராக்ஸ் போட்டுப் படித்தவன். அவன் மதிப்பெண் அப்படியே இருந்தது, ஒரு புள்ளி குறையவில்லை. உடனே போன் போட்டாள்.

"நானும் பாத்தேன் சத்யா, நீ இன்னா அவ்ளோ கீழ போயிட்ட?" என்றான் அவன், எடுத்த எடுப்பில்.

"அத வுடு. அப்ளிகேஷன்ல நீ இன்னா இன்னா அப்லோட் பண்ண?"

"கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டு ஒண்ணுதான். எங்க சித்தப்பா காலேஜ்ல வேல பாக்கறாருல்ல, அவரு சொன்னாரு, அது ஒண்ணு போதும், மத்ததெல்லாம் போட்டா அவுங்களே கொழம்பிடுவாங்கன்னு."

"கையேட்டுல எல்லா செமஸ்டரும் போடணும்னு இருந்துச்சே?"

"அதெல்லாம் யாரு படிக்கிறாங்க?"

சத்யா படித்திருந்தாள். அவளைவிட அவள் அப்பா படித்திருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

சடையப்பனுக்கு அலுவலகம் என்றால் என்னவென்று தெரியும். பட்டா மாற்ற ஏழு தடவை, கடைக்கு மின் இணைப்பு வாங்கப் பதினோரு தடவை, வெள்ள நிவாரணத்துக்கு நாலு தடவை நடந்தவர். ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் குறைகிறது என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். அதனால் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: கேட்டதையும் கொடு, கேட்காததையும் கொடு, கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்காமல் படி இறங்காதே. வீட்டில் ஒரு நீல ஃபைல் உண்டு. அதில் குடும்பத்தின் சகலமும் மூன்று மூன்று ஜெராக்ஸாக இருக்கும். மகளுக்கு விண்ணப்பம் போட்ட அன்று பிரவுசிங் சென்டரில் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கையேட்டின் ஏழாம் பக்கத்தில் 'அனைத்துப் பருவ மதிப்பெண் பட்டியல்களையும் தவறாமல் பதிவேற்ற வேண்டும்' என்ற வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். எல்லாவற்றையும் ஏற்ற வைத்தார். ஏற்றியும் திருப்தி வராமல் ரேஷன் கார்டையும் நிவாரணத் தொகை வாங்கிய ரசீதையும் ஏற்ற வைத்தார்.

எல்லாப் பருவத்துக்கும் ஒரு மதிப்பெண் பட்டியல், ஐந்தாம் பருவத்துக்கு மட்டும் இரண்டு. டிசம்பரில் கெடிலம் ஆறு கரையை மீறிய அன்றுதான் ரியல் அனாலிசிஸ் பரீட்சை. திருவந்திபுரத்தில் அவர்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பரீட்சையைத் தள்ளிவைப்பார்கள் என்று காலையெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரி தள்ளிவைக்கவில்லை. மேட்டில் வீடு இருந்தவர்கள் எழுதினார்கள். வராதவர்களுக்கு டிசம்பர் பட்டியலில் 'ஏபி' என்று போட்டார்கள். ஆப்சென்ட். ஏப்ரலில் அதே தாளை எழுதிச் சத்யா எண்பத்து நாலு வாங்கினாள். ஜெயப்பிரகாஷும் அன்று வரவில்லை, ஏப்ரலில்தான் எழுதினான். ஆனால் அவன் அனுப்பிய ஒற்றைப் பட்டியலில் ஏப்ரல் மதிப்பெண் மட்டும் இருந்தது. அவள் அனுப்பியதில் ஏபியும் இருந்தது, எண்பத்து நாலும் இருந்தது.

போனை வைத்துவிட்டு 1476ஐப் பத்தொன்பதால் வகுத்தாள். 77.68.

அதேதான். ஏபியை ஒரு தாளாக எண்ணி, அதற்குப் பூஜ்யம் போட்டுச் சேர்த்து வகுத்திருக்கிறார்கள். ஆற்றில் வந்த தண்ணீருக்கு மார்க் போட்டிருக்கிறார்கள்! சொன்னதைப் படிக்காதவனுக்குப் பச்சை. சொன்னதைப் படித்து, கோடு போட்டு, ஒன்றுவிடாமல் செய்தவளுக்குக் கறுப்பு. அடுக்களையில் இருந்த அமிர்தம், தட்டு எகிறி விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

சடையப்பன் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் துண்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். "நான்தாம்மா எல்லாத்தயும் போடச் சொன்னேன்," என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

"நீ சரியாத்தான்ப்பா சொன்ன. அவனுங்க எழுதினதத்தான் நாம செஞ்சோம். ஃபைல எடு. ஆட்சேபம் சொல்றதுக்கு இன்னிக்கு நாலு மணி வரைக்கும்தான் டைம்."

கடையைத் திறக்காமல் மகளோடு பஸ் ஏறினார். ஆலப்பாக்கம் தாண்டும் வரை நீல ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, நான்தான், நான்தான் என்று அவர் முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வெள்ளாறு மேல் இருந்த கோபம் இரட்டிப்பானது.

பல்கலைக்கழகம் சிதம்பரத்துக்கு வெளியே, புறவழிச் சாலையில் கண்ணாடி போட்ட கட்டடம். சேர்க்கைப் பிரிவு முதல் மாடியில். கவுன்ட்டரில் ஸ்ரீமதி என்று பெயர் வில்லை குத்திய பெண் உட்கார்ந்திருந்தாள். சத்யாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். "மெயில் போடுங்க, ஏழு வேலை நாளுக்குள்ள பதில் வரும்," என்றாள்.

"ஃபைனல் லிஸ்ட்டு எப்ப?"

"நாளைக்கு."

"நாளைக்கு லிஸ்ட்ட போட்டுட்டு, ஏழு நாள் கழிச்சு எனக்கு பதில் போடுவீங்களா?"

ஸ்ரீமதி தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பன்னிரண்டு மணி ஆனது. ஒரு மணி ஆனது. சாப்பாட்டு நேரம் என்று கதவைச் சாத்தினார்கள். இரண்டரைக்குத் திறந்தார்கள். கண்காணிப்பாளர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். மூன்று மணிக்கு சத்யா எழுந்து கவுன்ட்டருக்குப் போனாள். பத்தொன்பது, பத்தொன்பது என்று அவள் போட்ட சத்தம் மாடி முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். மீட்டிங்கில் இருந்ததாகச் சொன்ன கண்காணிப்பாளர் செந்தமிழ்செல்வன் பக்கத்து அறையிலிருந்து டீ டம்ளரோடு வெளியே வந்தார்.

"என்னம்மா கூச்சல்? இது என்ன மீன் மார்க்கெட்டா?"

"மீன் மார்க்கெட்டுல எடை சரியா போடுவாங்க சார்."

சடையப்பன் மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை. 1476 என்று ஒரு தாளில் எழுதினாள். கீழே பதினெட்டால் வகுத்தாள், பக்கத்தில் பத்தொன்பதால் வகுத்தாள், அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு நல்ல கணக்கில் இருக்கிற வசதி அதுதான், பிடிக்காதவனும் மறுக்க முடியாது.

"ஸ்ரீமதி, இந்தப் பொண்ணோட வரியைக் காட்டு."

ஸ்ரீமதி திரையைக் கொஞ்சம் திருப்பினாள். ஆளுக்கு ஒரு வரி. எத்தனை தாள் என்று ஒரு கட்டம். கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் பதினெட்டு. சத்யாவுக்குப் பத்தொன்பது.

"மார்க் ஷீட்டுல எத்தினி வரி இருக்கோ அத்தினியும் ஏத்துன்னு நீங்கதான் சார் சொன்னீங்க," என்றாள் ஸ்ரீமதி, மெதுவாக. "ஏபின்னா இன்னா பண்றதுன்னு கேட்டேன். சைபர் போடுன்னீங்க."

"சரி சரி." செந்தமிழ்செல்வன் சடையப்பன் பக்கம் திரும்பினார். "உங்க பக்கத்து ஆளுங்களே இப்படித்தான்யா. எதைக் கேட்டாலும் ஒரு மூட்டையக் கொண்டாந்து கொட்டறது. ரேஷன் கார்டு, வெள்ள நிவாரண ரசீது! இதெல்லாம் வச்சு நான் எம்.எஸ்சி. சீட்டா குடுக்க முடியும்?"

"தெரியாம செஞ்சிட்டோம் சார்," என்று சடையப்பன் கைகூப்பினார். ஃபைல் கக்கத்தில் இருந்ததால் கை சரியாகக் கூடவில்லை. அந்த அரைக் கும்பிடைப் பார்த்தபோது சத்யாவுக்கு எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது. தெரிந்து, படித்து, கோடு போட்டுச் செய்த மனிதர். அவர் எதற்குக் கும்பிட வேண்டும்?

ஆனால் அடுத்து வந்தது நல்ல செய்தியாகத்தான் இருந்தது. செந்தமிழ்செல்வன் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "உன்னுத மட்டும் திருத்திடறேன். எட்டு புள்ளி ரெண்டு. ஒன்பதாவது இடம் வரும். சந்தோஷமா? எனது தனிப்பட்ட கோரிக்கையின் பேரில் திருத்தப்பட்டது, இதை வேறு யாருக்கும் முன்னுதாரணமாகக் கொள்ளமாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ. வெளிய யாருகிட்டயும் பேசாத."

சடையப்பன் முகத்தில் ரத்தம் திரும்பியது. "போடும்மா, போடு," என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அதே சிவப்புப் பேனா. அதைத் திரும்பப் பையில் வைத்துவிட்டு, இன்னொரு பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

சத்யா பேனாவை வாங்கினாள். கண் மட்டும் திரையை விட்டு வரவில்லை. தாள் எண்ணிக்கைக் கட்டத்தில் இன்னும் சில பத்தொன்பதுகள் தெரிந்தன. எண்ணினாள். அவளையும் சேர்த்து ஏழு. ஏழும் கடலூர் விண்ணப்பங்கள், எல்லாமே அதே டிசம்பர்ப் பரீட்சை.

"மத்த ஆறு பேருக்கு, சார்?"

"அவங்க வந்து கேட்டாங்களா? கேக்காதவங்களைப் பத்தி உனக்கென்ன?"

அந்த ஆறில் முதல் பெயர் ஜான்சி. பட்டியலில் பதினொன்று, 7.94. பச்சைக்கு ஒரு வரி கீழே.

ஜான்சியை சத்யாவுக்குப் பிடிக்கும் என்று சொன்னால் பொய். மூன்று வருஷமும் வகுப்பில் முதலாவது ஜான்சி, இரண்டாவது சத்யா. ஒரு பருவத்தில்கூட அது மாறவில்லை. கிள்ளையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனவள். வெள்ளத்தன்று ரயில் இல்லை. பி.முட்லூர் வரை நடந்து, அங்கே ஒரு லாரியை நிறுத்தி ஏறி, பதினொன்றரைக்குக் கல்லூரி வாசலில் ஈரத் துணியோடு வந்து நின்றாள். அரை மணிக்கு மேல் தாமதம் என்று உள்ளே விடவில்லை. சத்யா அன்று வீட்டுக் கட்டிலின் மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே ஏபி. இரண்டு பேருக்கும் ஒரே பூஜ்யம். பத்து கிடைக்கவில்லை என்று தெரிந்ததுமே ஜான்சி பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டதாகக் குரூப்பில் யாரோ காலையில் போட்டிருந்தார்கள்.

ஜான்சிக்குக் கீழே பதின்மூன்றாவதும் பதினான்காவதும் பத்தொன்பதால் வகுக்கப்பட்டவர்கள்தான். மற்ற மூன்று பேர் சத்யாவுக்குக் கீழே. அவள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். இதற்குக் காகிதமே தேவையில்லை. எல்லோருக்கும் ஒரே பூஜ்யம் என்றால், தவறான பட்டியலில் தனக்கு மேலே நின்ற மூன்று பேரும் சரியான பட்டியலிலும் தனக்கு மேலேதான் நிற்பார்கள். அவளை மட்டும் திருத்தினால் ஒன்பது. எல்லோரையும் திருத்தினால் பன்னிரண்டு.

பச்சை பத்தோடு முடிகிறது.

நியாயம் கேட்டு மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தாள், தொண்டை கிழியக் கத்தினாள். இப்போது இந்த ஆள் அதே நியாயத்தைக் கத்தியாக்கி அவள் கையிலேயே கொடுத்து, குத்திக்கொள்கிறாயா, பையில் வைத்துக்கொண்டு போகிறாயா என்று கேட்கிறார். ஜான்சி மேல் கோபம் வந்தது. வந்து கேட்டால்தான் என்னவாம் அவளுக்கு? தன் மேல் கோபம் வந்தது, எதற்குத் திரையைப் பார்த்தாய்? கையெழுத்துப் போட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஸ்ரீமதிக்குத் தெரியும், ஆனால் அவள் பேசமாட்டாள். ஒரு நொடி, பேனா முனை தாளில் பட்டு ஒரு புள்ளி வைத்தது. அவள் போட நினைத்தாள் என்பதுதான் உண்மை.

"இன்னாம்மா யோசன? நேரமாவுது பாரு," என்றார் சடையப்பன்.

"நீதானேப்பா சொல்லுவ, குடுத்தா எல்லாத்தயும் குடுக்கணும்னு," என்றாள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எழுதினாள். விண்ணப்ப எண்கள் ஏழையும் திரையைப் பார்த்து ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள். கீழ்க்கண்ட ஏழு பேருக்கும் பதினெட்டுக்குப் பதில் பத்தொன்பதால் வகுக்கப்பட்டுள்ளது, கையேட்டின்படி ஏழையும் திருத்த வேண்டும். தேதி, நேரம், கையெழுத்து. செந்தமிழ்செல்வன் படித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிமிர்ந்தார்.

"நான் என்ன எழுதச் சொன்னேன், நீ என்ன எழுதியிருக்க? இதை எல்லாம் திருத்தினா நீ பத்துக்குள்ள வரமாட்ட. தெரியுதா?"

"கணக்குப் படிச்சவ சார் நான். உங்களுக்கு முன்னாடியே தெரியும். நகல்ல சீல் வச்சுக் குடுங்க. குடுக்கலன்னா நான் எறங்க மாட்டேன்."

ஸ்ரீமதி எழுந்தாள். யாரும் சொல்லாமலே தாளை நகலெடுத்து, முத்திரையை அதில் ஓங்கிக் குத்திக் கையில் கொடுத்தாள். மணி மூன்று ஐம்பத்தைந்து.

திரும்பும் பஸ்ஸில் சடையப்பன் மகளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் போய் உட்கார்ந்தார். புதுச்சத்திரத்தில் கூட்டம் இறங்கியதும் எழுந்து வந்து, அவள் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கைக்கு வந்தத தூக்கிப் போட்டுட்டு வரியே, உனக்கு பைத்தியமா புடிச்சிருக்கு? அந்தப் பொண்ணு உனக்கு இன்னா அக்காவா தங்கச்சியா?"

"எனக்கு மட்டும் சந்தோஷமா இருக்குதுன்னு நெனக்கிறியா?" சத்யா கத்திய கத்தலில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "வயிறு எரியுதுப்பா! நாளைக்கு அவ பேரு பச்சையில வரும், என் பேரு கறுப்பாவே இருக்கும். அதுக்கு நானே எழுதிக் குடுத்துட்டு வரேன். நீயும் திட்டு, நல்லா திட்டு!"

அவர் திட்டவில்லை. கடலூர் வரும் வரை ஃபைலை மட்டும் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தும் அவரவர் மூலையில் இருந்தார்கள்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு இறுதிப் பட்டியல் வந்தது. ஏழாவது ஜான்சி, 8.38, பச்சை. பன்னிரண்டாவது சத்யப்பிரியா, 8.20, கறுப்பு. கணக்கு அச்சு அசலாக அவள் போட்டபடியே இருந்தது. தான் போட்ட கணக்கு சரியாக வந்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அழுதாள்.

முதல் போன் ஜெயப்பிரகாஷிடமிருந்து. அவன் பதினான்காவதுக்குப் போயிருந்தான். "உனக்கு கெடைக்கலன்னு என்னுதயும் கெடுத்துட்ட இல்ல?" என்றான். "உன்னுதா அது?" என்று கேட்டுவிட்டுத் துண்டித்தாள். அடுத்த போன் ஜான்சி. பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது, கம்பெனியிலிருந்துதான் பேசினாள்.

"சத்யா, லிஸ்ட்டு மாறியிருக்குடி! நான் ஏழாவது! எப்பிடின்னே தெரியல. கை ஈரமா இருக்கு, ஃபோன் ஸ்க்ரீன் கீழ போவ மாட்டேங்குது. நீ எத்தினாவது?"

"பன்னெண்டு."

இயந்திரச் சத்தம் தள்ளிப் போனது, வெளியே வந்திருக்க வேண்டும். பிறகு ஜான்சி, "நீ ஏதாவது பண்ணியா?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல. நீ வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரிஜினலோட போயி சேந்துடு. எல்லா மார்க் ஷீட்டையும் எடுத்துக்கினு போவாத. கன்சாலிடேட்டட் மட்டும் எடுத்துக்கினு போ," என்று சொல்லிவிட்டு வைத்தாள். அவள் நன்றி சொல்லியிருந்தால் சத்யாவால் தாங்கியிருக்க முடியாது.

அதன் பிறகுதான் பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த குறிப்பைப் பார்த்தாள். ஒரு தடவை படித்தாள். காது சுட்டது. எழுந்து போய், கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவின் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்: "படி."

சடையப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக, சத்தமாகப் படித்தார். "குறிப்பு: விண்ணப்பதாரர்கள் சிலர் கவனக்குறைவாகத் தேவையற்ற மதிப்பெண் பட்டியல்களைப் பதிவேற்றியதால் ஏற்பட்ட பிழை, அவர்களது நலன் கருதி, கருணை அடிப்படையில் திருத்தப்பட்டுள்ளது."

இன்னொரு தடவை படித்தார். கவனக்குறைவு என்ற இடத்தில் நின்றார். கருணை என்ற இடத்தில் மறுபடி நின்றார். ஒரு செருப்பு காலிலேயே இருந்தது.

"யாரு கவனக்கொறவு?" என்றார். "நானா?"

முப்பது வருஷமாக ஒவ்வொரு மேஜை முன்னாலும் தெரியாம செஞ்சிட்டோம் சார் என்று சொல்லிவந்த மனிதர், ஒற்றைச் செருப்போடு உள்ளே போய் நீல ஃபைலை இறக்கினார். கையேட்டை உருவி ஏழாம் பக்கத்தைப் பிரித்தார். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அதன் மேல் விரலை வைத்து அழுத்தினார்.

"இந்தப் பக்கத்த நான் எட்டு தடவ படிச்சேன். தவறாமல்னு எழுதியிருக்கான். தவறாமல்! இவன் எழுதுவானாம், நாம செய்வோமாம், சைபர் இவன் போடுவானாம், கவனக்கொறவு நம்மளுதாம். கருணையாம் இல்ல கருணை!" அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "ஏய் அமிர்தம், காலைல நாலு இட்லி கட்டி வை. மொத பஸ்ல சிதம்பரம் போறோம்."

அமிர்தம் அடுக்களை வாசலுக்கு வந்தாள். "சீட்டு கேக்கப் போறீங்களா?"

"சீட்டு கெடைக்குதா இல்லியாங்கறது அப்புறம். இந்த வரிய அவன் எடுக்கணும். எடுக்கற வரைக்கும் அந்த மாடியவுட்டு நான் எறங்கமாட்டேன்." அவர் மகள் பக்கம் திரும்பினார். இரண்டு காதும் சிவந்திருந்தன. "நீ போயி இந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்துக்கினு வா."

"மூணா?" என்றாள் சத்யா, பழக்கத்தில்.

"ஏழு," என்றார் சடையப்பன்.